ஐந்து பேருக்கு ஒரு கார்: அக்குவாவா, வகன்ஆரா, பழைய 121ஆ?

கொக்குவில் தம்பி:
நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், அம்மா. யாழ்ப்பாணத்துக்குள் பள்ளிக்கூடம், கந்தோர், நல்லூர், இவ்வளவுதான் அன்றாட ஓட்டம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கொழும்பு. என் காசுக்குள் மூன்று வாகனங்கள் வந்திருக்கின்றன: 2014 ரொயோட்டா அக்குவா (பெற்றோலிலும் பற்றரியிலும் ஓடும் ஹைபிரிட்), 2016 சுசுகி வகன்ஆர், 2004 ரொயோட்டா கொரோலா 121. எதை எடுக்கலாம்?

பழைய ஸ்ரியறிங்:
121. யோசிக்கவே வேண்டாம். எந்தக் கராஜுக்குக் கொண்டுபோனாலும் பார்ப்பார்கள். நானும் முன்பு ஒரு ஹைபிரிட் வைத்திருந்தேன். வவுனியா தாண்டியதும் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பற்றரிக்குள் ஒரு செல் செத்துவிட்டதென்று மாற்றித் தந்தார்கள். மூன்று மாதத்தில் அடுத்தது போனது. பழைய செல்களுக்கு நடுவே ஒன்றை மட்டும் மாற்றினால் அப்படித்தான்.

மின்னல்:
அண்ணை, அது உங்கள் பற்றரியின் கதை, எல்லா ஹைபிரிட்டின் கதையும் இல்லை. அக்குவாவில் இருப்பதும் 1.5 லீற்றர் 1என்இசட் எஞ்சின்தான், உங்கள் 121இன் தம்பி. நின்று நின்று ஓடும் ஊருக்குள்தான் ஹைபிரிட் பெற்றோலை மிச்சம் பிடிக்கும். தம்பியின் ஓட்டமும் அதுதானே?

பற்றரி சாவதற்குப் பாதிக் காரணம் நாங்கள். அது பின் இருக்கைக்குக் கீழே இருக்கிறது, காருக்குள் உள்ள காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிர்விக்கிறது. காற்றுப் போகும் வாயை மறைத்துப் பையும் பனங்கிழங்குக் கட்டும் அடுக்குகிறோம். பில்ரரில் எங்கள் புழுதி அடைத்துக்கொள்கிறது. அதைக் கழற்றித் துப்புரவாக்குவது பெரிய வேலையே இல்லை. வெயிலில் ஏசியை நிறுத்தி மிச்சம் பிடிக்கவும் வேண்டாம். வாங்குமுன் காரின் கணினியைப் படிக்கும் ஸ்கானர் போட்டு, காரை ஓட்டியபடி பற்றரியின் ஒவ்வொரு பகுதியின் வோல்ற்றேஜையும் பாருங்கோ. ஒன்று மட்டும் விழுந்தால் திரும்பி வந்துவிடுங்கோ.

பழைய ஸ்ரியறிங்:
ஸ்கானர் இல்லாமலே நாங்கள் கார் வாங்கினோம். தொண்ணூறுகளில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் ஏ40 கார் ஓட்டிய ஊர் இது! பிழை வந்தால் கையால் தொட்டுக் கண்டுபிடிக்கக்கூடிய வாகனம் வேண்டும்.

சாவகச்சேரி அக்கா:
வகன்ஆரை ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லையே. ஜப்பான் வகன்ஆர் 660 சிசி, நான்கு பேருக்கென்று செய்தது. பின்னால் இரண்டு பெல்ற்தான். தம்பி, உங்கள் வீட்டில் ஐந்து பேர். ஏசியையும் போட்டு ஏ9 வீதியில் லொறியை முந்தப் பார்த்தால் தெரியும். அதை விட்டுவிடுங்கோ. ஆனால் உயரமான வாகனம், முழங்கால் நோ உள்ளவர்கள் ஏறி இறங்கச் சுகம். அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும்.

மின்னல்:
121 எடுத்தாலும் ஒன்று கேளுங்கோ. றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய வாகனமா என்று. சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர், கேத்திலுக்குள் படிவது போலத்தான் அதற்குள்ளும் படியும். மூடியைத் திறந்து பாருங்கோ: எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் திரவத்தின் நிறம் இருந்தால் சரி, காவி நிறமென்றால் விலையைக் குறையுங்கோ. இருபது வருட வாகனத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கச் சொல்கிறார் அண்ணை.

பழைய ஸ்ரியறிங்:
கண்ணை மூடச் சொல்லவில்லை, கூலன்ற் கதை சரி. ஆனால் கொழும்புக்குக் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். நேர் ரோட்டில் உங்கள் ஹைபிரிட்டின் லாபம் சுருங்கிவிடும். வெளியூர் போய் ஒரு மாதம் நிறுத்திவிட்டு வந்தால் அதிலுள்ள சின்ன 12 வோல்ற் பற்றரி படுத்துவிடும், கார் ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கே வராது.

மின்னல்:
121ஐ ஒரு மாதம் நிறுத்தினாலும் படுக்கும் அண்ணை. வாரத்தில் ஒருநாள் அரை மணித்தியாலம் ரெடியில் விடச் சொல்லிப் பக்கத்து வீட்டில் திறப்பைக் கொடுத்தால் போயிற்று.

கொக்குவில் தம்பி:
இன்று அம்மாவையே கூட்டிக்கொண்டுபோய் அக்குவாவில் இருத்திப் பார்த்தேன். ஏறிவிட்டா. இறங்கும்போது, "கிணத்துக்குள்ள இருந்து ஏறுற மாதிரிக் கிடக்கு" என்றா. 121ஐ நாளைக்குப் பார்க்கிறோம்.

மின்னல்:
இருக்கையில் ஒரு தலையணை போட்டுப் பார்த்தீங்களா?