டென்னிஸ் எல்போ: ‘அழற்சி’யை விட்டு ‘நாண்நைவு’க்கு வருவோமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

முழங்கையின் வெளிப்பக்கம் வரும் ‘டென்னிஸ் எல்போ’ வலிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: வரிப்பந்தாட்ட முழங்கை, முழங்கை மூட்டு அழற்சி, புறமுழங்கை அழற்சி. மூன்றுமே எனக்கு ஒப்பவில்லை.

முதலாவது பெயரளவில் சரியான மொழிபெயர்ப்புதான். ஆனால் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இந்த வலி அதிகம் வருகிறது: பெயின்ட் அடிப்பவர், திருப்புளி பிடிப்பவர், நாள் முழுக்க மவுஸ் நகர்த்துபவர். 1873-இல் ருங்கே என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை எழுதும் வேலையோடு சேர்த்துத்தான் விவரித்தார். லான் டென்னிஸுக்கு விங்ஃபீல்டு என்பவர் காப்புரிமை வாங்கியதே அதற்கு மறு ஆண்டு.

இரண்டாவது சொல்லில் ‘மூட்டு’ என்பதே தவறு. மூட்டு நன்றாகத்தான் இருக்கிறது. மணிக்கட்டைப் பின்பக்கமாகத் தூக்கும் தசைகளின் நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் டெண்டன்), முழங்கையின் வெளிப்பக்க எலும்புப் புடைப்பில் ஒட்டும் இடம்தான் கெடுகிறது. அதனால்தான் கையைச் சும்மா மடக்கி நீட்டும்போது பெரிதாக வலிக்காது. உள்ளங்கை கீழே பார்க்க ஒரு கெட்டிலைத் தூக்கினால் உயிர் போகும்.

மூன்றாவதோடுதான் எனக்குச் சண்டை. இந்த வலிக்கு மருத்துவர்கள் வைத்த பெயரான எபிகாண்டிலைட்டிஸ் என்பதில் உள்ள ‘ஐட்டிஸ்’ஸை அப்படியே ‘அழற்சி’ ஆக்கிவிட்டோம். 1979-இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற அமெரிக்க எலும்பு அறுவை மருத்துவர்கள் இருவரும் அறுவையில் எடுத்த திசுவை ஆராய்ந்து எழுதினார்கள். நாட்பட்ட வலியில் அங்கே இருப்பது பெரும்பாலும் அழற்சி அல்ல. ஒழுங்கு குலைந்த கொலாஜன் இழைகளும், அரைகுறையாக வளர்ந்த புது ரத்தக் குழாய்களும்தான்.

ஒரு சொல்லால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். என் கையே கெட்டது. ‘அழற்சி’ என்று காதில் விழுந்ததும் அது தணியட்டும் என்று நான்கு மாதம் வலது கையை அசைக்காமல் வைத்திருந்தேன். ஸ்டீராய்டு ஊசியும் போட்டுக்கொண்டேன். சில வாரம் சொர்க்கம், அப்புறம் பழைய வலி. இது என் ஒருவன் கதை இல்லை. ஊசி போட்டவர்கள் முதல் சில வாரங்களில் முந்துகிறார்கள், ஓராண்டு கழித்துப் பார்த்தால் பின்தங்குகிறார்கள் என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன.

என்னைத் தேற்றியது சுமைதான். முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழ்நோக்கி, அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று. மேலே தூக்க இடது கை உதவும். இறக்குவது வலது கை மட்டும், ஐந்து எண்ணும்வரை மெதுவாக. லேசாக வலிக்கும், பரவாயில்லை. மறுநாள் வலி கூடினால் பாட்டிலில் தண்ணீரைக் குறைக்க வேண்டும். கை பழையபடி ஆக ஏழு மாதம் ஆனது. பெரும்பாலானோருக்கு அறுவை இல்லாமலே ஓராண்டுக்குள் சரியாகிவிடும்.

அதனால் என் முன்மொழிவு: வெளிமுழங்கை நாண்நைவு. நைந்த துணி, நைந்த கயிறு என்கிறோமே, அந்த ‘நை’தான். இழை இழையாகத் தளர்ந்திருக்கிறது, இன்னும் அறுந்துவிடவில்லை என்ற இரண்டையும் அந்த ஒரு வேர் சொல்லிவிடுகிறது. அழற்சி இல்லாமல் நாண் இப்படிக் கெடும் டெண்டினோசிஸுக்குப் பொதுச்சொல் நாண்நைவு. உண்மையிலேயே அழற்சி இருக்கும் டெண்டினைட்டிஸுக்கு நாண் அழற்சி இருக்கட்டும். முழங்கையின் உள்பக்கம் வலிக்கும் கோல்ஃபர் எல்போ உள்முழங்கை நாண்நைவு ஆகும், குதிகால் நாணுக்கு வந்தால் குதிநாண் நைவு.

‘தசைநார்’ வேண்டாம். அதை எலும்பை எலும்போடு பிணைக்கும் லிகமென்டுக்கும் டெண்டனுக்கும் மாற்றி மாற்றி எழுதிக் குழப்பிவிட்டோம். ‘நைவு’ மன வருத்தத்தையும் குறிக்குமே என்று யாராவது சொல்வீர்கள். முன்னால் ‘நாண்’ நிற்கும்போது அந்தப் பொருள் தோன்றாது என்பது என் எண்ணம்.

‘புற’ என்பதை விட்டு ‘வெளி’ போட்டதற்குக் காரணம் உண்டு. புறங்கை என்றால் கையின் பின்பக்கம். ‘புறமுழங்கை’ என்று படிப்பவர் முழங்கையின் பின்பக்க முனையைத் தொட்டுப் பார்ப்பார். வலி அங்கே இல்லை. இதில் உடற்கூறு தெரிந்தவர்கள் என்ன சொல்கிறீர்கள்?