ராயபுரம் பக்கம் பழைய வீட்டு வயரிங் மாற்ற நல்ல ஆள் தேவை

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது தாத்தா காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடு (மர உத்திரம் மேல் செங்கல், சுண்ணாம்புக் கூரை). வயரிங்குக்கும் அதே வயசு. மரப்பட்டை மேல் ஓடும் வயர், பீங்கான் ஃபியூஸ். விரல் பட்டாலே வயரின் ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. மழையில் சுவர் ஊறியதிலிருந்து குளியலறைக் குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது. ஹீட்டர் ஃபியூஸைப் பிடுங்கிய பிறகு இல்லை.

வந்து பார்த்த எலக்ட்ரீஷியன், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று மாட்டினால் போதும் என்கிறார். கசிவு வந்தால் ட்ரிப் ஆகும், சரி. ஆனால் எர்த்தே இல்லாத வீட்டில், யாராவது தொட்டு ஷாக் அடித்த பிறகுதானே அது ட்ரிப் ஆகும்? அதனால் எர்த் போட்டு, வயரையும் முழுசாக மாற்றிவிடலாம் என்றிருக்கிறேன். லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர்.

எர்த் குழிக்கு முற்றத்தில் அடிபம்பு ஓரம்தான் இடம். கடற்கரைப் பக்கம் என்பதால் மண்ணில் உப்பு அதிகம். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) தாங்குமா, செம்பு பூசிய ராடே போடலாமா? சுண்ணாம்புச் சுவரைக் கொத்தினால் பெயர்ந்து வரும், அதனால் வயருக்குச் சுவர் மேலேயே ஓடும் பிவிசி கேசிங்தான். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், லைசென்ஸ் உள்ள, வேலை முடிந்ததும் மெகர் (வயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) வைத்துச் சோதித்துக் காட்டும் ஆள் தெரிந்தால் இன்பாக்ஸில் நம்பர் அனுப்புங்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொஞ்சம் அவசரம்.