பத்திர அலுவலகக் கணினி: டெஸ்க்டாப் ஃபோல்டர்கள் இடம் மாறாமலும் பழைய வரைவுகள் அழியாமலும் காப்பது எப்படி?

பவானிக்கரை:
வணக்கம். பத்திர எழுத்தர் அலுவலகம் ஒன்றில் தட்டச்சு செய்கிறேன். விண்டோஸ் 11 கணினி ஒன்றுதான் இருக்கிறது. மூன்று பேர் மாறி மாறி உட்காருகிறோம், மூவருக்கும் ஒரே கணக்கு. கிரயம், செட்டில்மென்ட், குத்தகை, கட்சிக்காரர்களின் ஸ்கேன் நகல்கள் என்று எல்லா ஃபோல்டர்களும் டெஸ்க்டாப்பில்தான் கிடக்கின்றன.

இரண்டு தொல்லைகள். ஒன்று, ஃபோல்டர் திடீரென்று காணாமல் போகிறது. செட்டில்மென்ட் ஃபோல்டரைத் தேடித் தேடிக் கடைசியில் குத்தகைக்குள் கண்டெடுத்தோம். மற்றது இன்னும் மோசம். புதிய கிரயப் பத்திரம் என்றால் பழைய வரைவு ஒன்றைத் திறந்து, பெயர், சர்வே எண், நான்கெல்லைகளை மாற்றி அச்செடுப்பதுதான் இங்கே வழக்கம். யாரோ அப்படியே சேமித்துவிட்டார்கள். இப்போது பழைய கட்சிக்காரர் பிழைத்திருத்தல் பத்திரம் வேண்டும் என்று வந்திருக்கிறார். அவர் பெயரிலுள்ள கோப்பைத் திறந்தால் உள்ளே வேறொருவரின் நிலம் இருக்கிறது.

ஃபோல்டரின் பண்புகளில் ‘ரீட் ஒன்லி’ கட்டத்தை டிக் செய்து பார்த்தேன். எந்தப் பயனும் இல்லை. என்ன செய்யலாம்?

வன்தட்டு:
அந்த டிக்கை நம்ப வேண்டாம். கோப்புக்கு அது வேலை செய்யும், ஃபோல்டருக்குச் செய்யாது. ஃபோல்டரில் அந்தக் குறியை விண்டோஸ் வேறு காரியத்துக்கு, அதாவது சிறப்புத் தோற்றம் கொண்ட ஃபோல்டர் என்று அடையாளம் காணப் பயன்படுத்துகிறது. உள்ளே இருப்பதை யாரும் மாற்றலாம், அழிக்கலாம்.

முதலில் அந்தக் கிரயக் கோப்பைக் காப்பாற்றுவோம். டெஸ்க்டாப் ஃபோல்டர் ஒன்றைத் திறந்து மேலே முகவரிப் பட்டையில் சொடுக்குங்கள். பாதையில் ஒன்டிரைவ் (கோப்புகளை இணையத்தில் காத்து வைக்கும் மைக்ரோசாஃப்ட் சேவை) என்ற பெயர் வருகிறதா?

பவானிக்கரை:
வருகிறது. நாங்கள் யாரும் அதை அமைக்கவில்லையே?

வன்தட்டு:
கணினியை முதலில் அமைத்தபோது ‘காப்பு எடுக்கவா’ என்ற கேள்விக்கு யாராவது சரி என்று கொடுத்திருப்பார்கள். உங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. அந்தக் கோப்பின் மேல் வலச்சொடுக்கு செய்து ‘வெர்ஷன் ஹிஸ்டரி’யைத் திறங்கள். தனிநபர் கணக்கில் ஒரு கோப்பின் கடைசி 25 பதிப்புகள் வரை இருக்கும். ‘ரீஸ்டோர்’ கொடுக்காதீர்கள், இப்போதிருக்கும் புதிய பத்திரம் பின்னுக்குப் போய்விடும். பழைய தேதியுள்ள பதிப்பைப் பதிவிறக்கி வேறு பெயரில் வையுங்கள்.

பவானிக்கரை:
கிடைத்துவிட்டது! நான்கெல்லை உட்பட முழு வரைவும் இருக்கிறது. மிக்க நன்றி. இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன வழி?

கோப்புக்காவலர்:
நான் பல ஆண்டுகள் அலுவலகக் கணினிகளை நிர்வகித்தவன், அதனால் உரிமையோடு சொல்கிறேன் அம்மா. உங்கள் டெஸ்க்டாப்பில் மாதிரி, நடப்பு வேலை, முடிந்த பத்திரம் மூன்றும் கலந்து கிடக்கின்றன. மாதிரியை யாரும் மாற்றக் கூடாது. நடப்பு வேலையை எல்லாரும் மாற்ற வேண்டும். முடிந்ததைப் படித்தால் போதும். மூன்றுக்கும் ஒரே இடம், ஒரே கணக்கு என்று இருக்கும்வரை எந்தப் பூட்டும் உதவாது.

மாதிரிகளை வேர்டில் ‘டெம்ப்ளேட்’ வகையாகச் சேமியுங்கள். அதை இருமுறை சொடுக்கினால் பெயரில்லாத புதிய ஆவணம்தான் திறக்கும். சேமிக்கும்போது புதுப் பெயர் கேட்கும். உங்கள் இரண்டாவது தொல்லையில் முக்கால் பங்கு இதிலேயே தீரும்.

பிறகு கணக்குகள். எழுத்தர் ஐயாவுக்கு நிர்வாகிக் கணக்கு, மற்றவர்களுக்குத் தனித்தனியே சாதாரணக் கணக்கு. டி டிரைவில் மூன்று ஃபோல்டர்கள் உருவாக்குங்கள். மாதிரி, முடிந்தவை இரண்டிலும் பண்புகள், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு என்று போய், மேலிருந்து, அதாவது டி டிரைவிலிருந்து, வரும் அனுமதிகளை நிறுத்துங்கள். நீக்கவா, மாற்றி வைக்கவா என்று கேட்டால் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். பிறகு பட்டியலில் ‘ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்’ என்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். டி டிரைவில் எல்லாருக்கும் மாற்றும் உரிமை தருவது அதுதான். ‘யூசர்ஸ்’ என்பதற்குப் படிக்கும் உரிமை மட்டும் மிஞ்சும். செக்யூரிட்டி தாவலே தெரியவில்லை என்றால் அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ் வகை (கோப்புகளுக்கு இப்படி அனுமதி வைக்க இடம் தரும் வட்டு அமைப்பு) அல்ல என்று பொருள். பென்டிரைவ்களில் பெரும்பாலும் அப்படித்தான்.

டெஸ்க்டாப்பில் இந்த மூன்றுக்கும் ஷார்ட்கட் மட்டும் போதும். சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் மறைந்திருக்கும் டெஸ்க்டாப் ஃபோல்டரில் நிர்வாகி அவற்றைப் போட்டால் எல்லாக் கணக்குகளிலும் தெரியும், சாதாரணக் கணக்கால் அழிக்க முடியாது. அழிந்தாலும் போவது ஷார்ட்கட்தான், ஃபோல்டர் அல்ல.

மௌஸ்விரல்:
கைதவறி இழுபடுவதற்கும் ஒரு மருந்து உண்டு. நான்கு பிக்சல் நகர்ந்தாலே விண்டோஸ் அதை இழுப்பு என்று எடுத்துக்கொள்கிறது. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கரன்ட் யூசர், கன்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப் என்று போனால் ‘டிராக்ஹைட்’, ‘டிராக்விட்த்’ என இரண்டு மதிப்புகள் இருக்கும். இரண்டையும் 40 ஆக்கி, வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ஒவ்வொரு கணக்கிலும் தனியாகச் செய்ய வேண்டும்.

இழுத்துவிட்டது உடனே தெரிந்தால் கன்ட்ரோலும் இசட்டும் அழுத்துங்கள், திரும்பி வந்துவிடும். இன்னும் பாதியில் இருந்தால் எஸ்கேப்.

இணையத்தில் கிடைக்கும் ஃபோல்டர் லாக் மென்பொருள் ஒன்றைப் போட்டுவிட்டால் இவ்வளவு வேலை இல்லையே?

கோப்புக்காவலர்:
வேண்டாம், தயவுசெய்து வேண்டாம். கடவுச்சொல் மறந்தாலோ மென்பொருள் பழுதானாலோ பூட்டியவரே வெளியே நிற்க நேரும். பிறர் வீட்டுச் சொத்து ஆவணங்களில் அந்தச் சோதனை கூடாது.

இன்னொன்று, அம்மா. அந்த ஒன்டிரைவ் யாருடைய மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது என்று இன்றே பாருங்கள். அதில் ஆதார், பான் நகல்கள் இருக்கின்றன. வேலையை விட்டுப் போன ஒருவரின் கணக்காக இருந்தால் அது பெரிய விஷயம்.

பவானிக்கரை:
பார்த்தேன். எழுத்தர் ஐயாவின் கணக்குதான், நிம்மதி. நீங்கள் சொன்னபடி கணக்குகளும் ஃபோல்டர்களும் அமைத்துவிட்டோம். சாதாரணக் கணக்கில் முடிந்தவை ஃபோல்டரில் ஒன்றை அழிக்கப் பார்த்தேன், நிர்வாகி கடவுச்சொல் கேட்டது. முடிந்த பத்திரத்தை அதற்குள் கொண்டுபோவது எப்படி?

கோப்புக்காவலர்:
மாலையில் ஐயா தம் கணக்கில் நுழைந்து போடட்டும். ‘கட்’ வேண்டாம், ‘காப்பி’ செய்து ஒட்டச் சொல்லுங்கள். ஒரே டிரைவுக்குள் வெட்டி ஒட்டினால் பழைய அனுமதிகளும் கோப்போடு வரலாம். நகலெடுத்தால் புதிய ஃபோல்டரின் அனுமதியே அமையும். ஒட்டியதைத் திறந்து பார்த்த பிறகு நடப்பிலிருந்து நீக்கலாம்.

டி டிரைவ் ஒன்டிரைவில் சேராது என்பதையும் ஐயாவிடம் சொல்லுங்கள். அதனால் வெளிப்புற வன்தட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். வாரம் ஒருமுறை மூன்று ஃபோல்டர்களையும் தேதியிட்ட புதிய ஃபோல்டரில் நகலெடுத்து, வன்தட்டைக் கழற்றி அலமாரியில் பூட்டுங்கள். கணினியிலேயே செருகி வைத்தால் வைரஸ் வரும் நாளில் இரண்டும் சேர்ந்தே போகும்.