கப்பி மீனின் பின்பக்கம் சிவப்பு நூல் தொங்குகிறது, என்ன மருந்து? அவசரம்

கப்பிவீடு: வணக்கம், பெண் கப்பி ஒன்றுக்குக் கழிவு வரும் இடத்தில் சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருக்கிறது, புழு என்று நினைக்கிறேன். இன்னொன்று செத்தே போய்விட்டது. மெடிக்கலில் பூச்சி மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், எவ்வளவு போடலாம்? சீக்கிரம் சொல்லுங்கள் ப்ளீஸ்.

தொட்டிக்காரன்: தொட்டி எத்தனை லிட்டர்? வேறு என்ன மீன் இருக்கிறது? மாத்திரை பெயர் என்ன? எதுவுமே சொல்லாமல் அளவு கேட்டால் எப்படி ப்ரோ.

உப்புமீன்: கல் உப்பு போடுங்கள், தண்ணீர் மாற்றுங்கள். என் தொட்டியில் எந்த நோய் வந்தாலும் முதலில் உப்புதான், மருந்தே வேண்டாம்.

ஆற்றுக்கெண்டை: மீன் அசையாமல் நிற்கும்போது நூல் வெளியே வந்து, நீந்தினால் உள்ளே போகிறதா? இதை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.

மூத்தவர்: இதே கேள்வி எத்தனையோ தடவை வந்தாகிவிட்டது, தேடிப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. கடையில் வாங்கிய மீனை நேராகத் தொட்டியில் விடுவது, அப்புறம் அவசரம் என்று ஓடி வருவது. புது மீனைத் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எத்தனை முறை எழுதுவது?

கப்பிவீடு: 2 அடி தொட்டி. கப்பி, மோலி, கீழே கோரி கெளுத்தி. மாத்திரை அல்பெண்டசோல் 400. ஆமாம் நிற்கும்போது மூன்று நான்கு நூல் வருகிறது, நீந்தினால் போய்விடுகிறது.

ஆற்றுக்கெண்டை: அப்படியென்றால் கமல்லானஸ் புழுதான். குடல் சுவரைக் கவ்வி ரத்தம் குடிப்பதால்தான் அந்தச் சிவப்பு. இடுக்கியால் பிடித்து இழுத்துவிடாதீர்கள், குடல் கிழிந்துவிடும். அல்பெண்டசோல் தண்ணீரில் கரையாது, மாவாக அடியில் படிந்துவிடும், அதை நம்ப வேண்டாம். உங்களுக்குத் தேவை லெவமிசோல். கால்நடை மருந்துக் கடையில் கேளுங்கள், ஆனால் ஆக்ஸிக்ளோசனைடு கலந்த மாட்டு மருந்தைக் கொடுத்தால் வாங்காதீர்கள், லெவமிசோல் மட்டும் இருக்க வேண்டும்.

அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். உங்கள் தொட்டி 2க்கு 1க்கு 1 அடி என்றால் விளிம்பு வரை 56 லிட்டர் பிடிக்கும், மேலே விட்ட இடமும் மணலும் போக 45 என்று வையுங்கள், 90 மில்லிகிராம் வேண்டும். 150 மில்லிகிராம் மாத்திரை கிடைத்தால் பொடி செய்து 150 மில்லி தண்ணீரில் நன்றாகக் கலக்கி, 90 மில்லியைத் தொட்டியில் ஊற்றுங்கள், மீதியைக் கொட்டிவிடுங்கள். ஃபில்டரில் கார்பன் இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். வெளிச்சம் பட்டால் மருந்து வீரியம் இழக்கும், அதனால் விளக்கை அணைத்துத் துணி போட்டு மூடுங்கள், ஏர் பம்ப் ஓடட்டும். 24 மணி நேரம்.

அதற்கப்புறம் செய்வதுதான் முக்கியம். இந்த மருந்து புழுவை முடக்கும், அது பிடியை விட்டுக் கழிவோடு வெளியே விழும். அடியில் கிடப்பதை மற்ற மீன் தின்பதற்குள் சைஃபன் குழாய் வைத்து மணலோடு சேர்த்து உறிஞ்சி எடுத்து, பாதிக்கு மேல் தண்ணீர் மாற்றுங்கள். இந்தப் புழு குட்டி போடும் இனம், குட்டிகள் அடியில்தான் கிடக்கும், அதனால் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு முறை இதே மாதிரி. நூல் தெரியாத மீன்களுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம், ஒன்றை மட்டும் பிரித்து வைப்பதில் பயனில்லை.

தொட்டிக்காரன்: பிராசிகுவாண்டல் போடலாமே? என்னிடம் இருக்கிறது.

ஆற்றுக்கெண்டை: அது நாடாப்புழுவுக்கும் செவுளில் ஒட்டும் தட்டைப்புழுவுக்கும். இது உருளைப்புழு, அதற்கு அசையாது. மெட்ரோனிடசோலும் இதற்கு இல்லை. உப்பு குடலுக்குள் இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது, கோரிக்கு அதிக உப்பும் ஆகாது.

உப்புமீன்: உப்பைக் குறை சொல்லாதீர்கள். காரணமே இரையாகப் போடும் டியூபிஃபெக்ஸ் புழுதான். சாக்கடையில் எடுத்து சென்னை கொளத்தூர் மீன் கடைகளில் விற்பதை வாங்கிப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

மூத்தவர்: தெரியாததைப் பேசாதீர்கள். கமல்லானஸ் குட்டியை இடையில் உடலில் சுமக்கும் ஓம்புயிரி சைக்ளாப்ஸ் மாதிரியான நுண்ணிய உயிரிகள், டியூபிஃபெக்ஸ் இல்லை. தொட்டிக்குள் அதுவும் இல்லாமலே மீனிலிருந்து மீனுக்கு நேராகப் பரவும்.

உப்புமீன்: குளத்துத் தண்ணீரில் அள்ளிய இரையில் சைக்ளாப்ஸும் சேர்ந்துதானே வரும்? கொளத்தூர் கடைகளில் வருடக்கணக்காக வாங்குகிறேன், எனக்குத் தெரியாதா?

தொட்டிக்காரன்: இரண்டு பேரும் தனி இழை தொடங்கிச் சண்டை போடுங்கள் ஐயா, அவர் மீன் செத்துக்கொண்டிருக்கிறது.

கப்பிவீடு: லெவமிசோல் கிடைத்தது, போட்டேன். காலையில் அடியில் புழுக்கள் கிடந்தன, உறிஞ்சி எடுத்தாயிற்று. அந்தக் கப்பி போய்விட்டது. மோலிகள் இரை எடுக்கின்றன. நன்றி அண்ணா.

ஆற்றுக்கெண்டை: நல்லது. இரண்டாவது முறையை விட்டுவிடாதீர்கள், இந்தத் தொட்டியின் வலையையும் சைஃபனையும் வேறு தொட்டியில் போடாதீர்கள். கோரி எப்படி இருக்கிறது?

ஆற்றுக்கெண்டை: கப்பிவீடு, மூன்று வாரம் ஆகப்போகிறது, மறுபடி போட்டீர்களா?