பிராக்சிமா பி-யில் வழி தவறிய பிள்ளைகள்: வானியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

சிறுவர்களுக்கு ஓர் அறிவியல் புனைகதை எழுதுகிறேன், பாதியில் நிற்கிறது. களம் 4.2 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா பி. 2016-இல் அறிவிக்கப்பட்ட கோள், 11.2 நாளில் தன் விண்மீனைச் சுற்றிவிடும். எப்போதும் ஒரே முகத்தைக் காட்டியே சுற்றுவதாக வைத்திருக்கிறேன். குடியேற்றம், பகலும் இருளும் சந்திக்கும் அந்திப் பட்டையில். சிவந்த சூரியன் அங்கே அடிவானத்தை விட்டு நகராது.

விண்மீன் சீற்றத்தில் ரேடியோ செத்துவிட்டது. அக்காவும் தம்பியும் ஊர் திரும்ப வேண்டும். சூரியனின் உயரத்தை அளக்க வைத்தேன். பட்டையின் குறுக்கே எங்கே நிற்கிறார்கள் என்று தெரிகிறது, நெடுக எவ்வளவு நடந்தாலும் அதே உயரம்தான். திசைகாட்டியை நம்ப வழியில்லை, அக்கோளின் காந்தப்புலமே உறுதியாகவில்லை. பெரியவர்கள் வந்து மீட்பதாக எழுத மனம் ஒப்பவில்லை.

கைக்கடிகாரமும் கோணமானியும் மட்டும் கொண்டு, பட்டையின் நெடுக்கில் தாங்கள் இருக்கும் இடத்தை அந்தப் பெண் எப்படிக் கணக்கிடலாம்?