புதுப்பிப்பு: வவுனியாவில் விற்பனைக்குள்ள 1973 வொக்ஸ்வாகன் திறந்த கூரைக் கார்

சென்ற மாதம் நான் விற்பனைக்கு அறிவித்திருந்த, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட 1973ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் 1303 திறந்த கூரைக் கார் இன்னும் விற்கப்படவில்லை. சாதாரண வண்டுக் காரின் (வொக்ஸ்வாகன் பீட்டில்) கூரையை வெட்டியெடுத்துச் செய்ததா என்று பலர் கேட்டிருந்தார்கள், நியாயமான சந்தேகம்தான். ஜேர்மனியின் ஒஸ்னாப்ருக் நகரில் கர்மன் நிறுவனம் 1949 முதல் 1980 வரை கட்டிய அசல் வகையைச் சேர்ந்தது இது. பின் இருக்கையைத் தூக்கினால் நடுச் சட்டகத்தில் பொறிக்கப்பட்ட இலக்கம் 15 எனத் தொடங்குவதைக் காணலாம். மூடிய கூரையுள்ள 1303 கார்களில் அது 13 எனத் தொடங்கும். கூரை இல்லாததால் உடல் வளையாதிருக்கக் கதவுகளுக்குக் கீழே வைத்த வலுவூட்டல் தகடுகளும் துருவின்றி உள்ளன. வாங்க வருபவர்கள் வர்ணத்தை விட்டு முதலில் அங்கேதான் குனிந்து பார்க்க வேண்டும்.

வன்னி வெயிலுக்கு இது தாங்குமா என்பது அடுத்த கேள்வி. காற்றால் குளிரும் எஞ்சினாதலால் தண்ணீர் கொதிக்கும் பிரச்சினையே இல்லை. ஆனால் அதைக் குளிர்விப்பதில் ஒயிலுக்கும் பங்குண்டு, அதுவும் இரண்டரை லீற்றர் மட்டுமே என்பதால், 5,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை தவறாமல் மாற்ற வேண்டும். ஏ9 வீதியில் கிளிநொச்சி வரை நண்பகலில் ஓட்டிப் பார்த்தேன், குறையொன்றும் தெரியவில்லை. புழுதி மிகுந்த உள்வீதிகளில் ஓடுபவர்கள் காற்று வடிகட்டியையும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

விலையில் மாற்றமில்லை. மாற்றுக்கு வேறு வாகனம் தருவதாகச் சொன்னவர்கள் மன்னிக்கவும்; ஆவணங்களைப் பார்வையிட விரும்புவோர் பகலில் வரலாம்.