இஎக்ஸ்5: வலது பக்கம் ‘டொக் டொக்’ சத்தம், கிளட்ச் நட்டு தளர்ந்திருக்குமா?

கேள்வி (பிறை, பினாங்கு):
வணக்கம் அண்ணன்மாரே. என்னுடையது பழைய ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிள், கார்புரேட்டர் மாடல். தினமும் பினாங்குப் பாலம் ஏறிப் பாயான் லெப்பாசுக்கு வேலைக்குப் போகிறேன். போன மாதம் ஒரு பட்டறையில் கிளட்ச் பிளேட் மாற்றினார்கள். அதிலிருந்து சிக்னலில் நின்றால் எஞ்சினின் வலது பக்கம் டொக் டொக் என்று அடிக்கிறது. திராட்டலைத் திருகினால் அடங்குகிறது, விட்டால் மறுபடியும் வருகிறது. முதல் கியரில் கிளம்பும்போது ஒரு ‘டக்’ வேறு. பட்டறையில் கேட்டால், “பழைய மோட்டார் அப்படித்தான் தம்பி” என்கிறார்கள். டைமிங் செயினாக இருக்குமா?

பதில் (ஜெலுத்தோங்):
டைமிங் செயின், அதாவது வால்வை இயக்கும் சங்கிலி, இந்த எஞ்சினில் இடது பக்கம், மின்சாரம் எடுக்கும் மேக்னட் இருக்கும் பக்கம் ஓடுகிறது தம்பி. நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை வலது கவரில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். அங்கே சத்தம் கூடினால் சந்தேகம் கிளட்ச் மேல்தான்.

வலது பக்கம் இரண்டு கிளட்ச் உண்டு. கிராங்க் தண்டின் முனையில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் (வேகம் கூடினால் தானே பிடிப்பது), பின்னால் கியர்பாக்ஸ் தண்டில் இருப்பது பிளேட் கிளட்ச். இரண்டையும் தனித்தனியே பிடித்து வைத்திருப்பது காடி வெட்டிய நட்டு. பிளேட் மாற்ற இந்த நட்டுகளைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்பப் போடும்போது சரியாக இறுக்காமல் விட்டிருக்கலாம். ஐடிலில் (திராட்டல் கொடுக்காமல் ஓடும்போது) கிராங்க் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் வேகம் கூடிக் குறையும், அப்போது தளர்ந்த பாகம் முன்னும் பின்னும் மோதும். லோடு ஏறினால் ஒரே பக்கமாக அழுந்திவிடும். திராட்டல் கொடுத்தால் அடங்குவது அதனால்தான்.

தயவுசெய்து இதோடு பாலம் ஏறாதீர்கள். கிராங்கில் உள்ள ஸ்ப்லைன் (கிளட்ச் பொருந்தும் பல்வரிசை) தேய்ந்துவிட்டால் நட்டை எவ்வளவு இறுக்கியும் பயன் இல்லை, எஞ்சினையே பிளக்க வேண்டி வரும்.

பதில் (புக்கிட் மெர்தாஜாம்):
கிளம்பும்போது வரும் ‘டக்’ பின் சக்கரத்துக்குள் அதிர்வைத் தாங்கும் ரப்பர் தேய்ந்தும் வரலாம். பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரத்தை) கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். செலவில்லாத சோதனை.

கேள்வி கேட்டவர்:
ரப்பர் நன்றாக இருக்கிறது. மாமா வீட்டில் ஆயிலை வடித்து, சைலன்சர், கிக், கால் கட்டை எல்லாம் கழற்றிக் கவரைத் திறந்தோம். பிளேட் கிளட்ச் நட்டு இறுக்கமாகத்தான் இருந்தது. சென்ட்ரிஃபியூகல் மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினால் உள்ளே கறுப்பாக அல்வா மாதிரி கசடு. அதைத் துடைத்த பிறகு நட்டைத் தொட்டேன், விரலாலேயே சுற்றுகிறது! பூட்டு வாஷரின் நாக்கு பாதி உடைந்திருக்கிறது. ஸ்ப்லைனில் தேய்மானம் தெரியவில்லை. இனி என்ன செய்ய?

பதில் (ஜெலுத்தோங்):
நல்ல வேளை, ஸ்ப்லைன் தப்பித்தது. பூட்டு வாஷரைப் புதிதாகவே வாங்குங்கள், பழைய நாக்கை நிமிர்த்திப் போட வேண்டாம். இன்னொரு வாஷர் லேசாகக் குவிந்திருக்கும், அதில் ‘அவுட்சைட்’ என்று பொறித்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். இதைத் திருப்பிப் போட்டால் நட்டு மறுபடியும் தளரும்.

உளியும் சுத்தியலும் வைத்து நட்டைத் தட்டாதீர்கள். அதற்கென்று நான்கு பல் வைத்த சாக்கெட் மோட்டார் சாமான் கடைகளில் கிடைக்கும். கிளட்சை ஹோல்டரால் பிடித்துக்கொண்டு, டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். வாஷரின் நாக்கு காடிக்கு நேராக வரவில்லையென்றால் இன்னும் சற்று இறுக்கித்தான் நேராக்க வேண்டும், பின்னால் திருப்பக் கூடாது.

மூடும் முன் கீழே இருக்கும் ஆயில் வலையையும் உருவிக் கழுவுங்கள், உடைந்த நாக்குத் துண்டு அங்கே கிடக்கலாம். புது கேஸ்கெட் போடுங்கள். கடைசியாகக் கிளட்ச் அட்ஜஸ்ட்: கவரின் வெளியே உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, அதன் நடுவில் உள்ள ஸ்க்ரூவை வலப்பக்கம் ஒரு சுற்று, பிறகு இடப்பக்கம் தடை தெரியும் வரை, அங்கிருந்து வலப்பக்கம் எட்டில் ஒரு சுற்று. அவ்வளவுதான்.

கேள்வி கேட்டவர்:
வாஷரும் கேஸ்கெட்டும் மாற்றியாயிற்று, ஐடிலில் சத்தம் சுத்தமாக இல்லை. துண்டும் வலையிலேயே கிடைத்தது. ரொம்ப நன்றி அண்ணே. ஆயிலை எப்போது மாற்றட்டும்?

பதில் (ஜெலுத்தோங்):
இந்த முறை 500 கிலோமீட்டரிலேயே வடித்துவிடுங்கள். வெள்ளைத் துணியில் ஊற்றிப் பாருங்கள், இரும்புத்தூள் மின்னினால் மறுபடி திறக்க வேண்டும். புது ஆயிலை அளக்கும்போது குச்சியைத் திருகாமல், சும்மா வைத்து எடுத்துப் பாருங்கள்.